சிறு விமானம் ஏன் விழுகிறது?

ஓலைத்தொடுவாய்க் கரையிலே வாழ்பவர்களுக்குக் காற்றைப் பற்றி எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. வாடை எப்போது எழும், சோளகம் எப்போது ஓங்கும், எந்தக் காற்றுக்கு வள்ளத்தை இறக்கலாம், எந்தக் காற்றுக்குக் கரையிலே இழுத்து வைக்க வேண்டும் என்பனவெல்லாம் இங்கு பிள்ளைகளுக்கும் தெரிந்தவை. மன்னார்த் தீவின் தென்கரையில் 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் மொத்த ஆற்றல் 103.5 மெகாவாற்று. அவற்றை இங்கே கொண்டுவந்து நிறுத்தியதும் இந்தக் காற்றுத்தான்.

இதே கரையில் ஓர் இளைஞன், வெளிநாட்டிலுள்ள மாமன் அனுப்பிய சிறு விமானம் ஒன்றைப் பறக்க விடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். கையிலுள்ள கருவியால் வானொலி அலை மூலம் இயக்கப்படும் விமானம் அது. முதல் இரண்டு நாள் நன்றாகப் பறக்கிறது. மூன்றாம் நாள் திரும்பும்போது சுழன்று மணலில் மூக்குக் குத்துகிறது. “காத்து அடிச்சுப் போட்டுது” என்கிறான் ஒரு நண்பன். “பற்றரி சரியில்லை” என்கிறான் மற்றவன். “மலிவுச் சாமான் எண்டால் அப்படித்தான் தம்பி” என்கிறார் வலை பொத்திக்கொண்டிருக்கும் பெரியவர். உடைந்த இடத்தில் பசை பூசி ஒட்டி, அன்று பின்னேரமே மீண்டும் விடுகிறார்கள். அது அதேபோல மீண்டும் விழுகிறது. இம்முறை விழுந்த இடம், வள்ளத்தடியில் விளையாடிய பிள்ளையின் தலைக்கு இரண்டு முழம் தள்ளி.

மூவரும் சொன்ன காரணங்களில் ஒன்று சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஒருவரும் பார்த்துச் சொல்லவில்லை, எண்ணியதைச் சொன்னார்கள். இக்கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்: விழுந்த விமானம், தான் விழுந்த காரணத்தைப் பெரும்பாலும் தன்னிடமே வைத்திருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிக்காமல் ஒட்டித் திரும்ப விடுபவர், அதே விபத்துக்கு இரண்டாம் முறை நாள் குறிக்கிறார்.

மூன்றரைச் செக்கன் பறப்பு

உலகின் முதல் விமானமும் எமது கரையைப் போன்ற ஒரு மணற்கரையிலேதான் எழுந்தது. அமெரிக்காவின் ரைட் சகோதரர்கள் கிற்றி ஹோக் என்ற கடற்கரைக் கிராமத்தைத் தெரிவு செய்ததற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. அங்கே காற்று ஓயாமல் வீசும். விழுந்தால் தாங்குவதற்கு மணல் உண்டு. 1900ஆம் ஆண்டு தமது முதலாவது பெரிய பொறியை அவர்கள் அங்கே பெரும்பாலும் கயிறு கட்டிப் பட்டம் போலவே பறக்கவிட்டுப் பரிசோதித்தார்கள். 1901இல் செய்த பொறி, கணக்குச் சொன்ன அளவுக்கு மேலெழவில்லை. அவர்கள் காற்றைக் குறை சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி, காற்றுச் செலுத்தும் ஒரு பெட்டியைச் செய்து, பல வகைச் சிறிய சிறகுகளை ஒவ்வொன்றாக அதனுள் வைத்து அளந்து பார்த்தார்கள். அப்போதுதான், தாம் நம்பியிருந்த பழைய கணக்கிலேயே பிழை இருப்பது தெரியவந்தது.

1903 டிசெம்பர் 14ஆம் திகதி இயந்திரம் பூட்டிய விமானத்தில் வில்பர் ரைட் ஏறினார். மூக்கை மிகையாக மேலே தூக்கிவிட்டதால் வேகம் குறைந்து, மூன்றரைச் செக்கனில் விமானம் மணலில் விழுந்தது. இயந்திரத்திற் குறையில்லை, வலுவும் போதும், பிழை தமது அனுபவக் குறைவினால் வந்தது என்று அவர் அன்றே வீட்டுக்கு எழுதினார். ஆகவே அவர்கள் இயந்திரத்தைக் கழற்றி நாட்களை வீணாக்கவில்லை. உடைந்ததை மட்டும் திருத்தினார்கள். மூன்று நாள் கழித்து, 17ஆம் திகதி, ஓர்வில் ரைட் 12 செக்கன் பறந்தார். அது 120 அடித் தூரம்.

ஓட்டியவர் தன் பிழையை மறைத்து இயந்திரத்தின்மீது பழி போட்டிருந்தால், திருத்தத் தேவையில்லாத ஒன்றைத் திருத்தப் போயிருப்பார்கள். காரணம் தேடுபவருக்கு முதலில் வேண்டியது இந்த நேர்மைதான்.

விழுந்தவுடன் செய்ய வேண்டியவை

விமானம் விழுந்ததும் ஓடிப்போய்த் தூக்குவது எல்லோருக்கும் வரும் ஆசை. அதை அடக்கிக்கொண்டு பின்வரும் ஒழுங்கில் செய்ய வேண்டும்.

1. கைக்கருவியில் மோட்டாரின் வேகத்தை முற்றாகக் குறைக்கவும். மணலில் சிக்கி நின்ற சுழல்விசிறி, தூக்கியவுடன் திடீரெனச் சுழன்று விரலை வெட்டக்கூடும்.

2. எந்தப் பகுதி முதலில் நிலத்திற் பட்டது என்று மணலைப் பார்க்கவும். மூக்கால் குத்திய குழியா, ஒரு சிறகின் நுனி கீறிய கோடா, வயிறு வழுக்கிய தடமா? கடற்கரை மணல் இந்த அடையாளங்களை நன்றாகக் காட்டும். கால்கள் மிதித்துவிட்டால் அவை போய்விடும்.

3. பற்றரியைக் கழற்றுமுன், சுழல்விசிறிக்கு எட்டத்தில் நின்று, கைக்கருவியின் பிடிகளை மெல்ல அசைத்துப் பார்க்கவும். வால் மடலும் சிறகு மடல்களும் அசைந்தால் வானொலியும் மின்சாரமும் உயிரோடிருக்கின்றன. ஒன்று மட்டும் அசையாவிட்டால் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். ஒன்றுமே அசையாவிட்டால் மின்சாரம் அல்லது வானொலி அறுந்திருக்கிறது. அடியினால் அறுந்ததா, முன்னரே அறுந்ததா என்பது அடுத்த கேள்வி.

4. பின்பு பற்றரியைக் கழற்றி, வெறும் மணலில், எரியக்கூடிய பொருட்களுக்கு எட்டத்தில் வைக்கவும். லித்தியம் பொலிமர் பற்றரி அடிபட்டால் சில நிமிடங்கள் கழித்தும் தீப்பற்றலாம். அரை மணி நேரமாவது பார்த்திருக்க வேண்டும். ஊதியிருந்தால், நசுங்கியிருந்தால், ஒருவித இனிப்பு மணம் வந்தால், அதை மீண்டும் சார்ஜ் செய்யவே கூடாது. வீட்டுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது.

5. எல்லாத் துண்டுகளையும் பொறுக்கவும். காணாமற் போன ஒரு சிறு ஆணிதான் காரணமாக இருக்கலாம்.

விழுந்த விதம் சொல்லும் கதை

பார்த்தவர்களிடம் “ஏன் விழுந்தது?” என்று கேட்க வேண்டாம், “எப்படி விழுந்தது?” என்று கேளுங்கள். முதற் கேள்விக்கு ஊகம் பதிலாக வரும். இரண்டாவது கேள்விக்குக் கண்டது வரும். பொதுவாகக் காணப்படும் வகைகள் இவை:

கையைவிட்டு அகன்றதும் மூக்கைத் தூக்கி, நின்று, ஒரு பக்கம் சரிந்து விழுந்தால்: வாற்பக்கம் பாரம் கூடியிருக்கிறது, அல்லது எறிந்த வேகம் போதவில்லை.

கையைவிட்டு அகன்றதும் நேரே மூக்குக் குத்தினால்: மூக்குப் பாரம், அல்லது வால் மடல் எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

எறிந்தவுடன் இடப்பக்கம் புரண்டால்: சுழல்விசிறியின் எதிர்முறுக்கு, அல்லது சிறகு மடல்கள் தலைகீழாக இணைக்கப்பட்டுள்ளன.

நன்றாகப் பறந்து, திரும்பும்போது சுழன்று விழுந்தால்: வேகம் போதாமல் சிறகு காற்றின் பிடியை இழந்தது.

மோட்டார் நின்றது, ஆனால் மடல்கள் சொற்கேட்டன என்றால்: பற்றரி இறங்கிவிட்டது.

மோட்டாரும் மடல்களும் ஒன்றாகச் செயலற்றன என்றால்: மின் இணைப்பு, அல்லது வானொலித் தொடர்பு.

இனி ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது: முச்சை சரியா?

பட்டம் கட்டிய பிள்ளை எவருக்கும் முச்சையின் அருமை தெரியும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கரையில் ஏறும் பெரிய விசித்திரப் பட்டமானாலும், பழைய பத்திரிகைத் தாளில் கட்டிய வாற் பட்டமானாலும், முச்சை பிழைத்தால் தலையை ஆட்டிக் குத்தும். விமானத்துக்கு முச்சைக் கயிறு இல்லை. அதன் இடத்தில் இருப்பது புவியீர்ப்பு மையம், அதாவது விமானத்தின் பாரம் முழுவதும் சமன்படும் புள்ளி.

சாதாரண நேர்ச்சிறகு விமானத்தில் இப்புள்ளி, சிறகின் முன்விளிம்பிலிருந்து சிறகு அகலத்தின் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். சிறகு 20 சென்ரிமீற்றர் அகலம் என்றால், முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்ரிமீற்றர். பற்றரியைப் பொருத்திய பின், சிறகின் கீழ் அவ்விடத்தில் இரு பக்கமும் விரல் நுனியால் தாங்கிப் பார்க்கவும். விமானம் மட்டமாக, அல்லது மூக்குச் சற்றுக் கீழே சாய்ந்து நிற்க வேண்டும்.

மூக்குப் பாரமான விமானம் மந்தமாகப் பறக்கும், ஆனால் பறக்கும். வாற் பாரமான விமானம் சின்ன அசைவுக்கும் துள்ளும். அனுபவசாலியும் அதைக் காப்பாற்றுவது கடினம். எமது இளைஞன் பசை பூசி ஒட்டியதை நினைத்துப் பாருங்கள். வாலில் 10 கிராம் பசை சேர்ந்தது. வால், சமநிலைப் புள்ளியிலிருந்து 60 சென்ரிமீற்றர் பின்னால். மூக்கு 20 சென்ரிமீற்றர் முன்னால். அந்தப் 10 கிராமை ஈடுசெய்ய மூக்கில் 30 கிராம் வேண்டும். ஆகவே ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் சமநிலையை மீண்டும் பார்க்க வேண்டும். இரண்டாம் முறை விழுந்த விமானங்கள் பல, முதல் விபத்தைத் திருத்திய முறையினாலேயே விழுகின்றன.

இரண்டாவது: மடல்கள் எப்பக்கம் அசைகின்றன?

வாலின் நிமிர்ந்த பகுதியில் உள்ளது சுக்கான். வள்ளத்துச் சுக்கானுக்கும் அதற்கும் வேலை ஒன்றுதான். வாலின் கிடையான பகுதியில் உள்ள மடல் மூக்கைத் தூக்கும், தாழ்த்தும். சிறகுகளின் பின்விளிம்பில் உள்ள மடல்கள் விமானத்தைப் பக்கவாட்டிற் சரிக்கும்.

விமானத்துக்குப் பின்னால் நின்று பார்க்கவும். பிடியைத் தன்பக்கம் இழுத்தால் வால் மடல் மேலே எழ வேண்டும். பிடியை வலப்பக்கம் தள்ளினால் வலச் சிறகின் மடல் மேலேயும் இடச் சிறகின் மடல் கீழேயும் போக வேண்டும். பலருக்கு இங்கே தடுமாற்றம் வரும். வலப்பக்கம் திரும்ப வலச் சிறகு தாழ வேண்டும். அது தாழ்வதற்கு அதன் மடல் மேலே எழ வேண்டும். இது தலைகீழாக இணைந்திருந்தால், சரிவைத் திருத்தப் போடும் ஒவ்வொரு அசைவும் சரிவைக் கூட்டும். இரண்டு செக்கனில் எல்லாம் முடிந்துவிடும். மடல் “அசைகிறதா” என்று மட்டும் பார்த்து, “எப்பக்கம்” என்று பாராதவர்களுக்கு இது நேர்கிறது.

அடுத்து, மடல்களை அசைக்கும் சிறு சேர்வோ மோட்டார்களையும் இணைப்புக் கம்பிகளையும் விரலால் மெல்ல அசைத்துப் பார்க்கவும். கம்பி வளைகிறதா, கீல் கழன்றுள்ளதா, பல்லில் மணல் ‘கறகற’ என்கிறதா? மடலின் வீச்சு மிகையாக இருந்தாலும் ஆபத்து. தொடக்கத்தில் வீச்சைக் குறைத்து வைப்பதே நல்லது.

சுழல்விசிறியையும் பார்க்க வேண்டும். அதில் எழுத்து அல்லது இலக்கம் பொறித்த பக்கம் விமானம் போகும் திசையை நோக்கி இருக்க வேண்டும். மாறிப் பூட்டினால் சுழலும், சத்தம் போடும், ஆனால் போதிய இழுவை தராது. மோட்டாரே எதிர்ப்பக்கம் சுற்றினால், அதற்குச் செல்லும் மூன்று கம்பிகளில் எவையேனும் இரண்டை மாற்றி இணைத்தாற் சரியாகிவிடும்.

மூன்றாவது: பற்றரி

பெரும்பாலான சிறு விமானங்களில் மூன்று கலங்கள் கொண்ட லித்தியம் பொலிமர் பற்றரி இருக்கும். முழுமையாக ஏற்றிய கலம் 4.2 வோல்ற்று, மூன்றும் சேர்ந்து 12.6. ஒரு கலம் 3.5 வோல்ற்றை அண்மித்தால் தரையிறங்கும் நேரம் வந்துவிட்டது. அதற்கும் கீழே போகும்போது வேகக் கட்டுப்படுத்தி மோட்டாரை நிறுத்திவிடும். எஞ்சிய மின்சாரத்தை மடல்களுக்குக் கொடுத்து, விமானத்தை வழுக்கி இறக்க வழிசெய்யும் ஏற்பாடு அது. இதனை அறியாதவர், மோட்டார் நின்றதும் பதறி மூக்கைத் தூக்கி, பாதுகாப்பாக இறங்கக்கூடிய விமானத்தைத் தாமே விழுத்திவிடுவார். மோட்டார் நின்றால் மூக்கைச் சற்றுத் தாழ்த்தி வேகத்தைக் காக்க வேண்டும்.

பழைய பற்றரி இன்னொரு விதத்தில் ஏமாற்றும். சும்மா இருக்கும்போது 12.6 காட்டும், மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டியதும் சரிந்துவிடும். ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்திருக்க, சில செக்கன் முழு வேகம் கொடுத்து மீற்றரில் பார்த்தால் உண்மை தெரியும். 10 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பற்றரியை நம்பிப் பறக்கக் கூடாது.

பறக்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்து எண்ணவும். கடலுக்குப் போகிறவர் திரும்பிவரும் எண்ணெயைக் கணக்கிட்டுத்தான் போகிறார். அதே கணக்கு இங்கும் உண்டு. காற்றை எதிர்த்துத் திரும்பிவர அதிக வலு வேண்டும்.

நான்காவது: வானொலித் தொடர்பு

காரணம் தெரியாத ஒவ்வொரு விபத்துக்கும் “சிக்னல் போய்விட்டது” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. முன்னைய கருவிகளில் ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நேரத்தில் இயக்கினால் இரண்டு விமானங்களும் விழும். இன்றைய 2.4 கிகாஹேர்ட்ஸ் கருவிகள் ஒவ்வொன்றும் தன் சோடியை மட்டும் அடையாளம் காண்பதால் அந்தத் தொல்லை பெருமளவு நீங்கிவிட்டது. ஆனால் இவ்வலை ஒளியைப் போல நேர்கோட்டிற் செல்வது. மனித உடல், அடர்ந்த ஈர மரங்கள், உலோகம், காபன் கம்பி என்பன அதனை மறைக்கும். ஆகவே விமானத்திலுள்ள வானொலி வாங்கியின் இரு அன்ரனாக் கம்பிகளையும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக, பற்றரிக்கும் காபனுக்கும் எட்டத்தில் ஒட்ட வேண்டும்.

பறக்குமுன் தூரப் பரிசோதனை செய்ய வேண்டும். பல கைக்கருவிகளில் அலையின் வலுவைக் குறைத்துச் சோதிக்கும் முறை ஒன்றுண்டு. அதில் வைத்து ஏறக்குறைய 30 அடி எடுத்துவைத்து நடந்து, மடல்கள் தடுமாறாமல் அசைகின்றனவா என்று பார்க்கவும். மோட்டார் ஓடும்போதும் இதைச் செய்ய வேண்டும். அப்போதுதான் மின்தொல்லை வெளிப்படும்.

தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்குமாறு அமைத்துக்கொள்வது கட்டாயம். சுழல்விசிறியைக் கழற்றிவிட்டு, மோட்டாரை ஓட்டி, கைக்கருவியை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நின்றால் நல்லது. நிற்காமல் ஓடினால், ஒருநாள் அந்த விமானம் ஆளின்றி ஊருக்குள் போகும். இயக்கும்போது கைக்கருவி முதலில், விமானம் பின்பு. நிறுத்தும்போது விமானம் முதலில், கைக்கருவி பின்பு. இந்த ஒழுங்கு மாறக்கூடாது.

ஐந்தாவது: காற்றும் வேகமும்

மேற்சொன்ன எல்லாம் சரியாக இருந்து, திரும்பும்போது விழுந்தால், காரணம் பெரும்பாலும் வேகம். சிறகைத் தாங்குவது அதன்மேல் ஓடும் காற்று. மூக்கை அதிகம் தூக்கினால், அல்லது வேகம் குறைந்தால், காற்று சிறகின் மேற்பரப்பைவிட்டுப் பிரிந்துவிடும். அந்தக் கணத்தில் சிறகு வெறும் பலகை. ஒரு சிறகு முந்திப் பிடியிழந்தால் விமானம் அப்பக்கம் சுழன்று விழும். ஜேர்மனியில் சறுக்கு விமானத்திற் பலமுறை வெற்றிகரமாகப் பறந்த ஒட்டோ லிலியந்தால் 1896இல் இவ்வாறு காற்றிலே பிடியிழந்து விழுந்து, மறுநாள் உயிர்நீத்தார்.

எமது கரையில் இது நிகழும் விதம் குறிப்பிடத்தக்கது. நீரோட்டத்தில் செல்லும் வள்ளத்தை நினையுங்கள். ஓட்டத்தோடு போனால் கரை வேகமாகப் பின்னே போகும். எதிர்த்துப் போனால் கரை நகரவே மாட்டாது. தண்ணீரைப் பொறுத்தவரை வள்ளத்தின் வேகம் ஒன்றுதான். விமானமும் அப்படியே. அது காற்றுக்குள் மணிக்கு 40 கிலோமீற்றர் பறக்கிறது. காற்று 30 கிலோமீற்றர் வீசுகிறது என்போம். எதிர்க்காற்றில் அது நிலத்துக்கு மேலாக 10 கிலோமீற்றரில் ஊர்வதுபோலத் தோன்றும். திரும்பிக் காற்றோடு போனால் 70 கிலோமீற்றரில் பாயும். கீழே நிற்பவர், “ஐயோ, வேகம் கூடிவிட்டது” என்று மோட்டாரைக் குறைத்து மூக்கைத் தூக்குவார். சிறகுக்குத் தெரியும் வேகம் 40 மட்டுமே. அதுவும் இப்போது குறைகிறது. அடுத்த திருப்பத்தில் விழுகிறது. “காத்து அடிச்சுப் போட்டுது” என்ற தீர்ப்பும் வருகிறது. உண்மையில் விழுத்தியது காற்றல்ல, காற்றைக் கண்ணால் அளந்த கணக்கு.

சரிந்து திரும்பும்போது தேவையான வேகமும் கூடுகிறது. 45 பாகை சரிந்து, உயரம் குறையாமல் திரும்பினால், பிடியிழக்கும் வேகம் ஏறக்குறைய 19 வீதம் கூடும். 60 பாகையில் 41 வீதம். ஆகவே திருப்பங்களை அகலமாக எடுக்க வேண்டும். பிடியிழந்துவிட்டால், இழுத்த பிடியை விட்டு மூக்கைத் தாழ்த்தி, மோட்டாரின் வேகத்தைக் கூட்ட வேண்டும். இதற்கு உயரம் வேண்டும். பழகுபவர் தாழப் பறப்பது பாதுகாப்பு என்று எண்ணுகிறார், உயரம்தான் பாதுகாப்பு.

பனங்கூடல், மணல்மேடு, வீடு ஆகியவற்றின் பின்பக்கத்தில் காற்றுச் சுழலும். அவற்றின் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரம் வரை அந்தக் குழப்பம் நீடிக்கலாம். காற்றாலைகளின் பின்புறம் இதைவிட மோசம். அங்கே பறக்கவே கூடாது. காற்று அடங்கிய அதிகாலைதான் பழகுவதற்கு ஏற்ற நேரம்.

ஆறாவது: ஓட்டுபவர்

விமானம் எம்மைவிட்டுப் போகும்போது வலம் வலமாகவே இருக்கும். எம்மை நோக்கி வரும்போது மாறிவிடும். புதியவர்களின் விபத்துகளில் பல இந்தத் தடுமாற்றத்தால் வருபவை. ஒரு எளிய வழி: விமானம் எம்மை நோக்கி வரும்போது எந்தச் சிறகு தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே பிடியைத் தள்ளவும். தாழ்ந்த சிறகுக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் மறக்காது. அதிக தூரம் விட்டு, எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாமற் போவதும், சூரியனுக்கு நேரே பறப்பதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

உப்பும் மணலும்

கடலோரத்தில் இன்னொரு எதிரியும் உண்டு. உப்புக்காற்று பித்தளை இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடிக்க வைக்கும். இன்று வேலை செய்யும் இணைப்பு, அடுத்த மாதம் அதிர்ச்சியில் விட்டுவிட்டுப் பிடிக்கும். சிறகைக் கட்டும் றப்பர் வளையங்கள் வெயிலிலும் உப்பிலும் வெடித்துப் போகும். அவற்றை இழுத்துப் பார்த்து அடிக்கடி மாற்ற வேண்டும். கடலில் விழுந்த விமானத்தின் மின்பாகங்களைப் பற்றரியிலிருந்து கழற்றி, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் பல நாள் உலர்த்த வேண்டும். அப்படிச் செய்தும், முன்போல அவற்றை நம்ப முடியாது.

சிறகு பெரும்பாலும் மீன்பெட்டி செய்யும் ரெஜிபோம் இனத்தைச் சேர்ந்த பொருளால் ஆனது. பெற்றோலும் சிலவகைப் பசைகளும் அதனைக் கரைத்துவிடும். தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசை பொருந்தும். எந்தப் பசையானாலும் ஒரு துண்டிற் பூசிப் பார்த்த பின்பே விமானத்திற் பூசவும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

காரணம் இதுதான் என்று தோன்றியதும் நான்கு விடயங்களை ஒன்றாக மாற்றிவிடுவது வழக்கம். விமானம் பறந்தால் எது திருத்தியது என்று தெரியாது. விழுந்தால் எது கெடுத்தது என்றும் தெரியாது. ஒன்றை மாற்றிப் பரிசோதித்து, பின்பு அடுத்ததை மாற்ற வேண்டும். ஒரு கொப்பியில் திகதி, காற்றின் திசை, பற்றரியின் அளவு, பறந்த நேரம், கண்ட குறை, செய்த திருத்தம் ஆகியவற்றை எழுதி வைக்கவும்.

பெரிய இடங்களிலும் முறை இதுவே. எமக்கு அக்கரையிலுள்ள இராமேஸ்வரத்திற் பிறந்து, சென்னையில் விமானப் பொறியியல் கற்ற அப்துல் கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவுகலம், 1979 ஓகஸ்ட் 10ஆம் திகதி வங்கக் கடலில் விழுந்தது. ஆராய்ந்தபோது, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுத் தொகுதியில் ஒரு வால்வினூடாக அமிலம் கசிந்தமை தெரியவந்தது. 1980 யூலை 18ஆம் திகதி அதே வகை ஏவுகலம் செய்மதியை விண்ணில் நிறுத்தியது.

மற்றவரின் தலை

ஒரு கிலோ எடையுள்ள விமானம் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வந்து மோதினால், உயர்ந்த பனை ஒன்றின் உச்சியிலிருந்து, அதாவது ஏறத்தாழ 14 மீற்றரிலிருந்து, ஒரு கிலோப் பொருள் விழுந்த வேகம் அது. சிறகு மென்மையானது, மோட்டாரும் பற்றரியும் அப்படியல்ல. ஆகவே கரைவலை இழுக்கும் இடம், மீன் காயவைக்கும் இடம், பாடசாலை, மின்கம்பி ஆகியவற்றுக்கு மேலாகப் பறக்கக் கூடாது. வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கும், பூநாரைகள் கூடும் மற்ற நீர்நிலைகளிலும் விமானம் விடுவது பறவைகளைக் கலைக்கும்.

இலங்கையில் ஆளில்லாமற் பறப்பவை சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகளுக்கு உட்பட்டவை. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின் சில காலம் அவை முற்றாகத் தடை செய்யப்பட்டிருந்தன. விதிகள் மாறுவதால், பறக்க முன்பு நடப்பிலுள்ள விதியைக் கேட்டறிந்து, தேவையான அனுமதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். கிராம சேவையாளருக்கும் பொலிசுக்கும் கடற்படையினருக்கும் முன்கூட்டிச் சொல்லிவைப்பது வீண் சந்தேகத்தைத் தவிர்க்கும்.

எமது இளைஞன் இப்போது என்ன செய்ய வேண்டும்? பிள்ளையின் தலைக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்த விமானத்தை அன்று மீண்டும் விடக்கூடாது. மணலைப் பார்க்க வேண்டும், கண்டவர்களைக் கேட்க வேண்டும், விரல் நுனியில் தாங்கிச் சமநிலை பார்க்க வேண்டும். வாலிற் பூசிய பசை அப்போதே தன் கணக்கைச் சொல்லும். முதல் விபத்துக்குக் காரணம் காற்றோடு திரும்பியபோது குறைந்த வேகமா என்று தன்னைத்தானே கேட்க வேண்டும். இந்தப் பழக்கம் கைவந்தவனிடம், நாளை நடுக்கடலில் வெளியிணைப்பு இயந்திரம் நின்றாலும், தோட்டத்தில் தண்ணீர்ப் பம்பி இழுக்காவிட்டாலும், எங்கே தொடங்குவது என்பதற்கு ஓர் ஒழுங்கு இருக்கும். எண்ணெய் வருகிறதா, பொறி வருகிறதா, காற்று வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பான். வலை பொத்தும் பெரியவர் அந்த வேலையை வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் செய்து வந்திருக்கிறார்: கிழிந்த கண்ணைத் தேடிக் கண்ட பின்பே அவர் ஊசியை எடுப்பார்.